ஏசி போட்டால் ஏறும் ரேஸ்

2004 டிசம்பரில் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்காடு போகிற வண்டிகளும் வருகிற வண்டிகளும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். இறங்கி வந்த வண்டியை பிரேக் லைனிங் கருகின வாடையை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்த வாடையோடு ஒரு சின்ன பெட்ரோல் கார் வந்தது. மூன்று சிலிண்டர்; பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடுகிற கார்புரேட்டர் வைத்தது. ஓட்டிவந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வீடு ஏற்காட்டில்.

"தம்பி, ஏசி போட்டா வண்டி தானா ரேஸ் ஆகுது. அஞ்சு ரோட்டு சிக்னல்ல நின்னா பக்கத்து வண்டிக்காரங்க திரும்பிப் பாக்குறாங்க" என்றார்.

ரேஸ் என்றால் இன்ஜின் சுற்றும் வேகம். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் அந்த வண்டியில் கிடையாது. இக்னிஷன் காயில் மைனஸில் எங்கள் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். ஏசி இல்லாமல் 850. ஏசி போட்டதும் 1,500.

ஏசி போட்டால் ரேஸ் கொஞ்சம் ஏறத்தான் வேண்டும். கம்ப்ரசரை பெல்ட் வழியாக இன்ஜின்தான் சுற்றுகிறது. சின்ன இன்ஜின், ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, அந்தச் சுமை விழுந்தால் திணறி நின்றுவிடும். அதனால் ஏசி சுவிட்சைப் போட்டதும் மின்சாரத்தில் வேலை செய்யும் ஒரு சோலனாய்டு வால்வு திறந்து, இன்ஜின் காற்று இழுக்கும் குழாயான மேனிபோல்டின் வேக்கத்தை (உறிஞ்சும் விசையை) ஒரு டயாஃப்ரத்துக்கு, அதாவது ரப்பர் சவ்வுக்கு, அனுப்பும். அது, இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலை ஒரு நூல் அளவு இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு இழுக்கவேண்டும் என்பதை ஒரு ஸ்க்ரூவில் வைக்கலாம். அந்த மாதிரி வண்டிக்கு நாங்கள் 950, மிஞ்சினால் 1,000 வைப்போம்.

முதலில் எனக்குக் கம்ப்ரசர் மேல்தான் சந்தேகம். ஏசி கேஸ் குறைந்தோ காயில் சூடாகியோ, கம்ப்ரசரைப் புல்லியோடு சேர்க்கும் கிளட்ச் பிடிக்காவிட்டால், த்ராட்டில் திறந்திருக்கும், சுமை இருக்காது, ரேஸ் ஏறிவிடும். ஆனால் அந்தக் கிளட்ச் பிடிக்கும் 'டக்' சத்தம் கேட்டது. முன் தட்டும் புல்லியோடு சேர்ந்தே சுற்றியது. ஹோஸ்கள், மேனிபோல்டு கேஸ்கெட் ஓரம் எல்லாம் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் மாறவில்லை, காற்றுக் கசிவு இல்லை. டயாஃப்ரத்துக்குப் போகிற ஹோஸைக் கழற்றி அடைத்தேன். ரேஸ் சட்டென்று 700-க்குக் கீழே விழுந்து வண்டி குலுங்கியது. டார்ச் அடித்தால், த்ராட்டில் இழுப்பை வைக்கும் அந்த ஸ்க்ரூவின் மரை மட்டும் பளபளவென்று இருந்தது. யாரோ சமீபத்தில் நாலைந்து சுற்று உள்ளே திருகியிருக்கிறார்கள்.

திருப்பி 950-க்குக் கொண்டுவந்தேன். அரை மணி நேர வேலை. அவரும் சந்தோஷமாகப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் திரும்ப வந்தார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. காலையில் மலை இறங்கும்போது மூடுபனி. கண்ணாடி உள்பக்கம் ஆவி படர்ந்திருக்கிறது. ஏசி போட்டுக் கண்ணாடிக்குக் காற்று விட்டால்தான் அது விலகும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் கியர் குறைக்கக் கிளட்சை மிதித்திருக்கிறார். இன்ஜின் ஐடிலிங்குக்கு இறங்கி, ஏசி சுமையில் நின்றுவிட்டது. பின்னால் பஸ். நல்லவேளையாக ஓரமாக உருட்டி நிறுத்தியிருக்கிறார்.

"மேல ஒரு மெக்கானிக் தம்பி இதுக்குன்னுதான் அந்த ஸ்க்ரூவைத் திருகி வெச்சாரு. உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை, நான் கேட்டிருக்க வேண்டும். ஏற்காட்டு வீட்டுக்கு ஏசி எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பளபளத்த மரையைப் பார்த்ததும், விவரம் தெரியாதவன் கை வைத்தது என்று முடிவு கட்டிவிட்டேன். அவன் ஒரு உயிரைக் காப்பாற்றத் திருகியிருக்கிறான்.

அன்று மதியமே மீட்டரையும் ஸ்பேனர்களையும் எடுத்துக்கொண்டு அவரோடு மேலே போனேன். இருபது வளைவு. சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இது கார்புரேட்டருக்குத் தெரியாது. கீழே கொடுத்த கணக்கிலேயே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். ஏரிக்கரையில் நிறுத்தி மீட்டர் மாட்டினேன். ஏசி போட்டதும் 650-க்குச் சரிந்து, மூன்று முறை இருமி நின்றது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் மூன்றும் கரிக்கட்டை. ஐடிலிங்குக்குக் காற்று போகிற சின்னத் துளையில் பிசின் படிந்து பாதி அடைத்திருந்தது; காற்று குறைந்தால் பெட்ரோல் மிஞ்சும். சேலத்தில் இன்ஜின் எப்படியோ தாங்கிக்கொண்ட அந்த அதிகப் பெட்ரோலை மேலே தாங்க முடியவில்லை. மூல நோய் அதுதான். மேலே இருந்தவர் ஸ்க்ரூவைத் திருகி அதை மறைத்தார். நான் அதே ஸ்க்ரூவைத் திருப்பி அதை வெளியே விட்டேன். இரண்டு பேருமே அந்தத் துளையைப் பார்க்கவில்லை.

துளையைச் சுத்தம் செய்து, பிளக் மாற்றி, ஐடிலிங்குக்குப் போகும் பெட்ரோல் கலவையை வைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் குறைத்தேன். பிறகு ஏசி போட்டு, மேலேயே வைத்து 950 வைத்தேன். கிளட்சை மிதித்து மிதித்துப் பார்த்தோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. இறங்கி வந்து கீழே பார்த்தால் 1,100. கணக்குப்படி அது கொஞ்சம் அதிகம்தான். சிக்னலில் லேசாகச் சத்தம் வரும், ஒரு சொட்டுப் பெட்ரோல் கூடப் போகும். பனியில் வளைவில் நிற்பதைவிட அது மேல் என்று நான் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்தத் தகராறு குறைவு. காற்றழுத்தத்தை சென்சார் பார்த்துச் சொல்ல, ஏசி சுவிட்சைப் போட்டதும், கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்குமுன்பே, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு காற்றைக் கொஞ்சம் கூடத் திறந்து தயாராகிவிடும். அதிலும் ஏசி போட்டால் ரேஸ் ஏறி இறங்காமல் நின்றால் த்ராட்டில் பாடியில் கரி, ஐடில் வால்வு ஒட்டிக்கொள்வது, வேக்கம் கசிவு, கம்ப்ரசர் கிளட்ச் இந்த நான்கையும் முதலில் பார்க்கவேண்டும். த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்; கம்பெனி வைத்த அந்த ஸ்க்ரூவில் கை வைக்கவே கூடாது.

அன்று சாயங்காலம் பானெட்டை மூடுவதற்கு முன் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி உள்பக்கம் ஒட்டினேன்: "ஏசி ஐடிலிங் ஏற்காட்டில் 950. சேலத்தில் 1,100 காட்டும். கீழே வைத்துக் குறைக்கவேண்டாம்."