இடம் இல்லை என்று சொன்னது யார்?

நான் முதலில் சேர்ந்த வேலையில் என் மேசைக்கு வந்ததெல்லாம் பழைய நிலப்படங்கள். பின்புறம் துணி ஒட்டி, மடித்து மடித்தே மடிப்பில் நைந்துபோன தாள்கள். அவற்றை ஸ்கேன் செய்ய வேண்டும், இரண்டு துண்டாக வந்த ஸ்கேனை ஒன்றாக ஒட்ட வேண்டும், மூலத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, கறை நீக்கிய பிரதி ஒன்றைத் தனியாகத் தயாரிக்க வேண்டும். பொறுமை கேட்கிற வேலை. எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது வாரம் ஒரு மதியம், இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டிருந்த சேவ் பட்டனை அழுத்தினேன். போதுமான மெமரி இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் ஓகே என்ற ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் எல்லாம் போய்விடும் என்று தெரியும். அழுத்தாமலும் எதுவும் செய்ய முடியாது.

அன்றைக்கு என் அறிவுக்கு எட்டிய தீர்வு ஒன்றுதான்: மெமரி இல்லை என்கிறது, மெமரி வாங்கிப் போடுங்கள். அப்படியே மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். கணினியில் 4 ஜிபி இருந்தது, 8 ஆக்கினார்கள். மறுபடி அதே நிலப்படம், அதே இடம், அதே பெட்டி. மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. என் திரையை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

விஷயம் என்னவென்றால், ஸ்கேன்களை ஒட்டுவதற்கு நாங்கள் வைத்திருந்த மென்பொருள் 32 பிட். அதாவது மெமரியில் ஒவ்வொரு பைட்டின் முகவரியையும் 32 இரும இலக்கங்களில் எழுதும். அப்படி எண்ணக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,294,967,296. அதாவது 4 ஜிபி. அதிலும் விண்டோஸ் பொதுவாகப் பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு, புரோகிராமுக்கு 2 ஜிபி கொடுக்கும். கணினியில் 8 இருந்தாலும் 80 இருந்தாலும் அந்தப் புரோகிராம் தன் 2 ஜிபி வேலியைத் தாண்டாது. போதாக்குறைக்கு, அந்த 2 ஜிபிக்குள்ளும் சில மென்பொருள்கள் படத்துக்கு ஒரே துண்டாகத் தொடர்ச்சியான இடம் கேட்கும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் காலியிடம் அதற்கு உதவாது. வரிசையாக நாலு சீட் கேட்டு வந்த குடும்பம், தனித்தனியாகக் கிடக்கும் பத்து காலி சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது மாதிரி.

போட்டோஷாப்பே விண்டோஸில் 2008இல் சிஎஸ்4 பதிப்பில்தான் 64 பிட்டுக்கு வந்தது, மேக்கில் 2010இல் சிஎஸ்5 பதிப்பில். அதற்கு முன் பெரிய படம் திறந்தவர்கள் எல்லோரும் இந்த வேலிக்குள் முட்டி மோதியவர்கள்தான். இன்றைக்கும் எங்காவது ஒரு பழைய பிளக்இன் (துணை மென்பொருள்), ஒரு பழைய ஸ்கேனர் மென்பொருள் 32 பிட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க வேண்டும் என்று தோன்றத்தான் எனக்கு ஒரு அவமானம் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. எந்தப் படத்தையும் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடுவேன். எங்கள் நிலப்படம் 40 அங்குலத்துக்கு 30 அங்குலம், 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. அகலம் 24,000 பிக்சல், உயரம் 18,000 பிக்சல். பெருக்கினால் 43.2 கோடி பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம் என்று பிக்சலுக்கு 3 பைட். ஆக 129.6 கோடி பைட், கிட்டத்தட்ட 1.3 ஜிபி. இது ஒரே ஒரு லேயர், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்களில் ஒன்று. இங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட். அதே ஸ்கேனை நிறத்துக்கு 16 பிட்டில் எடுத்தால் இரண்டு மடங்கு, 2.6 ஜிபி.

ஃபோல்டரில் பார்த்தால் அதே படம் ஜேபெக்காக 100 எம்பிகூட இருக்காது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். டிஸ்க்கில் இருப்பது மடித்துக் கட்டிய கூடாரம். திறந்தால்தான் அதன் உண்மையான அளவு. 'ஃபைல் 90 எம்பிதான் சார், அதற்கே திணறுகிறது' என்று யாராவது வந்தால், ஃபைல் அளவைக் கேட்கவே மாட்டேன். எத்தனை பிக்சல், எத்தனை லேயர், 8 பிட்டா 16 பிட்டா என்று மட்டும்தான் கேட்பேன்.

கணக்கு அத்தோடு முடிவதில்லை. பின்னணி லேயரைப் பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்தால் இன்னொரு 1.3 ஜிபி. அப்புறம் ஹிஸ்டரி, செய்ததைப் படிப்படியாகத் திரும்பப் பெற வைத்திருக்கும் பதிவு. ஒரு மூலையில் சின்னக் கறையைத் துடைத்தால் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, மாறிய கட்டங்களை மட்டும்தான் போட்டோஷாப் நினைவில் வைக்கும், அது பெரிய சுமையில்லை. ஆனால் படம் முழுக்கக் கூர்மையாக்கும் ஒரு ஷார்ப்பன் போட்டால் எல்லாக் கட்டமும் மாறுகிறது. பழைய முழுப் படமும் ஹிஸ்டரிக்காக ஒரு பக்கம் உட்கார்ந்துகொள்ளும். இப்போதைய பதிப்புகளில் ஹிஸ்டரி 50 படி என்று இருக்கும். முழுப் படத்தைத் தொடும் வேலையைப் பத்து முறை செய்து பார்த்துவிட்டு 'நான் ஒரே ஒரு படம்தானே திறந்திருக்கிறேன்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. இந்த அளவு படங்களுக்கு நான் ஹிஸ்டரியை 10க்கு மேல் வைப்பதில்லை. எடிட் மெனுவில் ஹிஸ்டரியைக் காலி செய்யும் பர்ஜ் இருக்கிறது, இடையிடையே அதையும் அழுத்துவேன். அதன் பிறகு அன்டூ கிடையாது என்பதால் முதலில் சேவ், பிறகு பர்ஜ். இந்த வரிசையை ஒரு முறை மாற்றிச் செய்திருக்கிறேன், அந்தக் கதை வேண்டாம்.

ரேம், அதாவது இதுவரை மெமரி என்று சொன்னது, நிறைந்தால் போட்டோஷாப் மீதியை டிஸ்க்கில் கொட்டும், அதற்கு ஸ்கிராட்ச் டிஸ்க் என்று பெயர். சொல்லாமல் விட்டால் அது இயங்குதளம் இருக்கும் டிரைவையே எடுத்துக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் சி டிரைவ் எப்போதும் மூச்சு முட்டிக்கொண்டுதான் இருக்கும். இதில் ஒரு விஷச் சுழல் உண்டு. இடமில்லாமல் போட்டோஷாப் கிராஷ் ஆகும். ஆகும்போது தான் கொட்டி வைத்த தற்காலிக டெம்ப் ஃபைலை அள்ளிக்கொண்டு போகாமல் அப்படியே விட்டுவிடலாம். அடுத்த முறை அதனால் இடம் இன்னும் குறைவு, இன்னும் சீக்கிரம் கிராஷ். ஒரு நாள் சக ஊழியர் ஒருவரின் கணினியில் இப்படிச் சேர்ந்திருந்தது மட்டும் 140 ஜிபி. போட்டோஷாப்பை மூடிவிட்டு அவற்றை அழித்தோம், ஸ்கிராட்ச்சை வேறொரு எஸ்எஸ்டிக்கு மாற்றினோம். இரண்டே நிமிட வேலை. அவர் அதுவரை நாலு நாளாக ஒவ்வொரு லேயராக நீக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையின் கீழே இடது மூலையில் படத்தின் அளவு காட்டும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்து வைத்துக்கொள்வேன். 100 சதவீதம் என்றால் எல்லாம் ரேமிலேயே நடக்கிறது. இறங்க ஆரம்பித்தால் டிஸ்க்குக்கு ஓடுகிறது என்று அர்த்தம். எரர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த எண் ஜாடை காட்டிவிடும்.

இன்னொரு வகைக் குழப்பம், ரேம் காலியாக இருக்கும்போதே மெமரி இல்லை என்று வருவது. புதுக் கணினி, 32 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் பாதிக்கு மேல் பயன்பாடு இல்லை. ஆனாலும் எரர். அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பக்கத்தில் கமிட்டட் என்ற வரி கண்ணில் பட்டது: எல்லையைத் தொட்டு நின்றது. விண்டோஸ் ஒரு புரோகிராமுக்கு இடம் தருவதாக வாக்குக் கொடுத்தால், அதை ரேமிலோ, ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் வைத்திருக்கும் பேஜ் ஃபைலிலோ நிறைவேற்ற வழி இருக்க வேண்டும். கேட்ட இடத்தைப் புரோகிராம் இன்னும் தொடவேயில்லை என்றாலும் கணக்கில் அது போனதுதான். எங்கள் கணினியில் பேஜ் ஃபைலையே யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று எங்கோ கேட்டிருப்பார்கள். திரும்பப் போட்டு, அளவை விண்டோஸிடமே விட்டுவிட்டோம். அதோடு சரியாயிற்று.

ஃபார்மட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு, அதை மெமரிப் பிரச்சினை என்று நினைத்து அலைபவர்கள் அதிகம். போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைல் 2 ஜிபிக்கு மேல் போகாது, அகலமோ உயரமோ 30,000 பிக்சலுக்கு மேலும் போகாது. டிஃப் என்ற இன்னொரு பட ஃபார்மட்டின் சாதாரண வகை 4 ஜிபியோடு நின்றுவிடும். பெரிய படத்துக்கு போட்டோஷாப்பின் இன்னொரு ஃபார்மட்டான பிஎஸ்பி, அது அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் 3,00,000 பிக்சல் வரை தாங்கும். 16 பிட் நிலப்படத்துக்கு ஒரே லேயர் 2.6 ஜிபி என்று தாளில் எழுதியிருந்தேன் இல்லையா, அதைப் பார்த்தாலே முதல் நாளே பிஎஸ்பியாக சேவ் செய்யத் தோன்றும்.

சர்வர் பக்கம் வேறு கூத்து. சிறிய பிரதிகள் தயாரிக்க இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் மென்பொருளை வைத்திருந்தோம். மற்ற படங்களையெல்லாம் மாற்றிக்கொடுத்துவிட்டு, நிலப்படம் வந்தால் மட்டும் முறைக்கும். அங்கே ரேம் தாராளமாக இருந்தது. அந்த சர்வரில் ஓடிய லினக்ஸில், இமேஜ்மேஜிக்கின் பாலிசி என்ற அமைப்பு ஃபைலில் அகலம், உயரம் ஒவ்வொன்றுக்கும் 16,000 பிக்சல் என்று எல்லை போட்டு வந்திருந்தது. எங்கள் படம் 24,000. யாரோ வேண்டுமென்றே ராட்சசப் படத்தை அனுப்பி சர்வரைச் சாய்க்கக் கூடாது என்பதற்கான காவல் அது. எண்ணை உயர்த்தினோம், முழுசாக எடுத்துவிடவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல எரர்கள். வாயைத் திறந்து ஏதோ சொல்கின்றன, தப்பாகச் சொன்னாலும் சொல்கின்றன. எனக்கு இன்றும் பயம் தருவது ஒன்றுமே சொல்லாத ஒரு கணினி.

சேவ் செய்த நிலப்படத்தை மறுநாள் திறந்தால், மங்கிய மஞ்சள் தாளின் நடுவே ஒரு பச்சைப் புள்ளி. நூறு மடங்கு பெரிதாக்கினால்தான் தெரியும். பக்கத்தில் எல்லாப் பிக்சலிலும் சிவப்பு நிறத்தின் எண் 200ஐ ஒட்டி இருக்கிறது, இந்த ஒன்றில் மட்டும் 72. தூசி என்று நினைத்துத் துடைத்தேன். அடுத்த ஃபைலில் வேறு இடத்தில் இன்னொன்று, அதுவும் 72. தூசி இப்படி எண் பார்த்து விழாது. 200க்கும் 72க்கும் இடையில் சரியாக 128. இரும எண்ணில் 200 என்பது 11001000, அதில் முதல் ஒன்று பூஜ்யமானால் 01001000, அதாவது 72. ஒரே ஒரு பிட் கவிழ்ந்திருக்கிறது.

ஸ்கேனரைச் சந்தேகித்தோம், கேபிளை மாற்றினோம், டிஸ்க்கை மாற்றினோம். கடைசியில் ஒரே பெரிய ஃபைலை ஐந்து முறை நகலெடுத்து ஒவ்வொன்றுக்கும் செக்சம், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், எடுத்தேன். ஐந்தில் ஒன்று ஒத்துப்போகவில்லை. அன்று இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் திரையில் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள். ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்ததில் ஒன்று கெட்டிருந்தது. சின்ன வேலைகளில் அந்த மூலை முகவரிக்கு யாரும் போகவே மாட்டார்கள். பல ஜிபி நிரப்பும் எங்கள் படம்தான் அந்த வாசல் வரை போய்த் தட்டியிருக்கிறது.

குச்சியை மாற்றுவது ஐந்து நிமிடம். அதன் பிறகு நடந்ததுதான் வேலை. அந்தக் கணினி எப்போது கெட ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கடைசி சில மாதங்களில் அதன் வழியாகப் போன எல்லாப் பிரதிகளையும் மூல ஸ்கேனோடு ஒப்பிட வேண்டியதாயிற்று. சுருக்காமல் சேமித்த டிஃப்களில் ஒரு புள்ளியோடு போயிற்று. சுருக்கிச் சேமித்தவற்றில் படம் பட்டை பட்டையாக இருக்கும், ஒரு பிட் கவிழ்ந்தால் அந்தப் பட்டையில் அதற்குப் பின்னால் உள்ளது முழுக்கக் குழம்பிவிடும். அப்படி இரண்டு கிடைத்தன. மூலங்கள் வேறு கணினியில் எடுக்கப்பட்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம், திறமை இல்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர் வந்து நின்றார். "சார், மெமரி எரர்."

"எத்தனை பிக்சல்?" என்று ஆரம்பித்தேன். தாளை நீட்டினார். கணக்கு போட்டிருந்தார்: மூன்று லேயர், 8 பிட், 4 ஜிபிக்குள். பிஎஸ்பியாகத்தான் சேவ் ஆகிறது. ஸ்கிராட்ச்சில் 300 ஜிபி காலி. பேஜ் ஃபைல் இருக்கிறது. ஹிஸ்டரி 10. ஆனால் கமிட்டட் மட்டும் எல்லையில் நிற்கிறது, யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றார்.

அவர் இடத்துக்குப் போய் டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் பக்கத்தைத் திறந்தேன். அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர். முந்தைய நாள் சாயங்காலம் யாரோ அந்தக் கணினியில் நுழைந்து ஆறு நிலப்படங்களைத் திறந்துவிட்டு, லாக் அவுட் செய்யாமல் ஸ்விட்ச் யூசர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இது உங்க பேர்தானே சார்?" என்றார்.