அனுப்பாத கடிதமும் படிக்காமல் இட்ட கையெழுத்தும்

அமெரிக்க அதிபராக இருந்த ஆபிரகாம் லிங்கனின் பெயரில் உலவும் பொன்மொழிகள் பல அவர் சொன்னவையே அல்ல. மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாக நம்மிடையே ஓயாமல் பகிரப்படும் கடிதத்துக்கும் சான்று கிடையாது. இது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனெனில் அவர் உண்மையாகவே எழுதி, யாருக்கும் காட்டாமல் எடுத்து வைத்த காகிதங்கள் இவற்றைவிட ஆழமானவை.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு நடந்த உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலை முதல் மூன்று நாட்கள் கெட்டிஸ்பர்க்கில் நடந்த சண்டையில், ஜெனரல் மீட் தலைமையிலான லிங்கனின் ஒன்றியப் படை வென்றது. தோற்றுப் பின்வாங்கிய தென்தரப்புத் தளபதி லீயின் படை, வெள்ளம் பெருகிய பொட்டோமாக் ஆற்றைக் கடக்க முடியாமல் கரையில் சிக்கியிருந்தபோது மீட் தாக்கத் தயங்கினார். ஜூலை 14 விடிவதற்குள் எதிரிப் படையில் பெரும்பகுதி ஆற்றைக் கடந்துவிட்டது. அன்றே லிங்கன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பொன்னான வாய்ப்பு கைநழுவிப் போயிற்று, போர் இனி முடிவின்றி நீளும், தமக்கு அளவற்ற துயரம் என்று ஒளிவுமறைவின்றி அதில் சொன்னார். ஆனால் அதை அனுப்பவில்லை. கையொப்பமும் இடவில்லை, அனுப்பவும் இல்லை என்று உறையின் மேல் குறித்து வைத்துவிட்டார்.

சினத்தை அடக்கினார் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. தம் சொல் ஆணையாகச் செல்லும் இடத்தில் இருந்தவர் அவர். சினத்தை முழுவதுமாக எழுதிப் பார்த்தபின், வென்று களைத்திருந்த தளபதியை அது என்ன செய்யும் என்று எண்ணியே நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அடிமையாக இருக்க விரும்பாததுபோலவே எசமானாக இருக்கவும் விரும்பேன், மக்களாட்சி பற்றிய என் எண்ணம் இதுவே என்று ஒரு துண்டுக் காகிதத்தில் அவர் எழுதியிருக்கிறார். 1858ஆம் ஆண்டினது என்று கருதப்படும் குறிப்பு அது. முதல் பாதியை எவரும் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் பாதிதான் அதிகாரத்தில் இருப்பவரைச் சோதிப்பது.

அந்தச் சோதனை 1864 ஆகஸ்டில் வந்தது. போர் இழுத்துக்கொண்டே போனது. அந்த ஆண்டின் அதிபர் தேர்தலில் அவர் மீண்டும் வெல்ல முடியாது என்று சொந்தக் கட்சியினரே கூறினர். அடிமை முறை ஒழிப்பைச் சமாதான நிபந்தனையிலிருந்து விட்டுவிடுமாறு வற்புறுத்தியவர்களும் உண்டு. தமக்காகப் போரிட்ட கறுப்பின வீரர்களை மறுபடி அடிமைகளாக்கினால் இம்மையிலும் மறுமையிலும் சாபத்துக்கு ஆளாவேன் என்று, ஆகஸ்ட் 19 அன்று காண வந்தவர்களிடம் அவர் சொன்னார்.

நான்கு நாட்கள் கழித்து நடந்த அமைச்சரவைக் கூட்டத்தில், மடித்த தாள் ஒன்றை நீட்டி, உள்ளே இருப்பதைப் படிக்காமலேயே பின்புறத்தில் கையெழுத்திடச் சொன்னார். அமைச்சர்களும் இட்டனர். தாம் பெரும்பாலும் தோற்கக்கூடும் என்றும், அப்படியானால் புதிதாகத் தேர்வாகிறவர் பதவியேற்பதற்குள் அவரோடு ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்பது தம் கடமை என்றும் உள்ளே எழுதியிருந்தார். தேர்தலில் எதிர்த்து நிற்பார் என்று எதிர்பார்க்கப்பட்ட தளபதி மெக்ளெல்லனோ, 1862இல் லிங்கனே படைத்தலைமையிலிருந்து நீக்கியவர்.

லிங்கனைக் குறையற்றவராக நான் காட்ட முயலவில்லை. கைதானவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் செய்யும் ஆட்கொணர்வு உரிமையைப் போர்க்காலத்தில் நிறுத்திவைத்தவர் அவர். அது சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் உள்நாட்டுப் போரின் நடுவிலும் தேர்தலைத் தள்ளிவைக்க அவர் இணங்கவில்லை. கலகக்காரர்கள் நம்மைத் தேர்தலைக் கைவிடச் செய்தால், அவர்கள் ஏற்கெனவே நம்மை வென்றுவிட்டதாகவே பொருள் என்று பின்னர் சொன்னார்.

செப்டம்பரில் தென்தரப்பின் அட்லாண்டா நகரம் ஒன்றியப் படையிடம் வீழ்ந்தது. நவம்பர் 8 அன்று லிங்கன் வென்றார். மூன்று நாட்கள் கழித்து அந்தத் தாளை எடுத்து, கிழிக்காமல் பிரிக்குமாறு செயலர் ஜான் ஹேயிடம் கொடுத்தார். விசித்திரமாக ஒட்டப்பட்டிருந்ததால் அங்கங்கே வெட்டித்தான் திறக்க முடிந்தது. லிங்கன் அதைப் படித்து முடித்ததும், ஒத்துழைக்கக் கேட்டிருந்தால் மெக்ளெல்லன் ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே ஒன்றும் செய்திருக்க மாட்டார் என்றார் அமைச்சர் சீவர்ட். என் கடமையையாவது செய்து என் மனச்சாட்சியின் முன் தெளிவாக நின்றிருப்பேன் என்றார் லிங்கன்.