கடைவாய்ப்பல் எடுத்துக்கொண்ட அனுபவம்

கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றைக் காப்பாற்ற முடியாது என்று பல் மருத்துவர் கூறியபோது, வேர் சிகிச்சை (பல்லினுள் கெட்டுப்போன திசுவை அகற்றி அடைப்பது) செய்தாவது வைத்துக்கொள்ளலாமா என்றுதான் முதலில் கேட்டேன். சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கி, வேர்கள் பிரியும் இடத்தையே அரித்துவிட்டதால் பல்லின் மேல் உறை பொருத்தவும் பிடிமானம் இல்லை என்பதை எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினார். இரத்த அழுத்தம், சர்க்கரை, மருந்து ஒவ்வாமை, இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பற்றியும் விசாரித்தார். இவற்றுக்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நாமாகவே நிறுத்துவதும் ஆபத்தானது.

ஊசி போட்ட சற்று நேரத்தில் கீழுதட்டில் பாதியும் நாக்கின் ஓரமும் மரத்துப்போயின. ஆயினும் வேலை தொடங்கியதும் சுருக்கென்று வலித்தது. முன்பே பேசி வைத்திருந்தபடி கையை உயர்த்தினேன். மருத்துவர் உடனே நிறுத்திவிட்டு மீண்டும் மருந்து செலுத்தினார். தொற்று உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரப்பு மருந்து முழுமையாக வேலை செய்யாமல் போவதுண்டாம். எனவே வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் அப்போதே தெரிவிப்பது நல்லது.

அதன்பின் வலி இல்லை, ஆனால் அழுத்தம் இருந்தது. இந்த வேறுபாட்டை அவர் முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் மிகவும் பயந்திருப்பேன். வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள் மருந்துக்கு எளிதில் அடங்கிவிடும். அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகள் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. பல் எலும்போடு ஒட்டி வளர்ந்ததன்று. நுண்ணிய நார்களால் எலும்புக்குழியில் கட்டப்பட்டிருப்பது. ஆகவே மருத்துவர் அதை வெடுக்கென்று இழுப்பதில்லை. நெம்பியும் இருபுறமும் மெதுவாக அசைத்தும் குழியை விரிவாக்கி, அந்நார்களை அறுத்த பிறகே வெளியே எடுக்கிறார். அப்போது எழும் நொறுங்கும் ஓசை தாடையெலும்பு வழியாகவே காதை அடைவதால் பெரிதாகக் கேட்கிறது. கேட்டு அஞ்ச வேண்டியதில்லை.

என் அனுபவத்தில், பல் எடுத்ததைவிட அதற்குப் பிந்தைய கவனிப்புக்கே பொறுமை அதிகம் தேவைப்பட்டது. குழியில் உறையும் இரத்தம்தான் உள்ளே தெரியும் எலும்புக்கு மூடி. அது பெயர்ந்துவிட்டால், பெரும்பாலும் இரண்டாம் நாளுக்குப் பின் காது வரை பரவும் கடும் வலி தொடங்கும். அதனால் பஞ்சுத்துணியை அரை மணி நேரத்துக்கு மேல் கடித்திருந்தேன். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவில்லை, வேகமாகத் துப்பவில்லை, உறிஞ்சுகுழலால் எதையும் குடிக்கவில்லை. புகைப்பவர்கள் கட்டாயம் நிறுத்தியிருக்க வேண்டும். உதடு மரத்திருக்கும்போது அதைக் கடித்துவிடும் வாய்ப்பு உண்டு என்பதால், உணர்வு திரும்பும்வரை எதையும் மெல்லவில்லை. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் மெதுவாகச் சுழற்றி வெளியேற்றினேன். இரண்டு மூன்று நாட்கள் வரை வீக்கம் கூடுவது இயல்பே. அதன்பின்னும் வலியோ வீக்கமோ ஏறினால், அல்லது காய்ச்சல் வந்தால், தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஈறு இப்போது மூடிவிட்டது. உள்ளே எலும்பு நிரம்ப இன்னும் சில மாதங்கள் ஆகும். இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயவும் மேல்பல் கீழிறங்கவும் கூடும் என்பதால், தாடையெலும்பில் செயற்கை வேர் பொருத்தி அதன்மேல் பல் வைப்பதா, பக்கத்துப் பற்களைத் தேய்த்து அவற்றைத் தாங்கலாகக் கொண்டு செயற்கைப் பல் பொருத்தும் பாலம் கட்டுவதா என்று மருத்துவரோடு பேசி வருகிறேன். நலமாக உள்ள பற்களைத் தேய்க்க எனக்கு மனமில்லை.