டவுன்ஸ்விங்கில் கையும் உடம்பும்: 7 அயனில் செய்து பார்த்தது

"உடம்பைத் திருப்பு, கை தானா வரும்" என்பது கோல்ஃப் பயிற்சித் திடலான ரேஞ்சில் அடிக்கடி காதில் விழும் அறிவுரை. பாதி சரி. இதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் 7 அயனில் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டை) பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளையும், இல்லையென்றால் நேராக இடப்பக்கமே போய்ச் சேரும். மட்டையை மேலே தூக்கும் பேக்ஸ்விங்கின் உச்சியில் கைகள் ஏறக்குறைய வலது தோள் உயரத்தில் இருக்கின்றன. பந்தைத் தொடும்போது தொடை உயரத்துக்கு வந்தாக வேண்டும். குனிந்து நிற்பதால் உடம்புச் சுழற்சி கையைக் கொஞ்சம் இறக்கும். ஆனால் பெரும்பகுதி கையை முன்னால், பந்தின் பக்கமாகத்தான் தள்ளும். மீதி இறக்கம் தோள்மூட்டிலிருந்து கை செய்ய வேண்டிய வேலை. (இங்கே இடம் வலம் எல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் மாற்றிப் படிக்கவும்.)

அளந்து பார்க்கச் செல்போன் கேமராவே போதும். நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுத்தால், உச்சியிலிருந்து பந்து வரை இறங்கும் டவுன்ஸ்விங் முழுவதும் சுமார் 60 ஃப்ரேம், அதாவது கால் நொடி. அதில் பாதிக்கு மேல் உச்சியிலிருந்து இடது கை தரைக்கு இணையாக வரும் வரை செலவாகிவிடுகிறது. கோல்ஃப் மட்டையான கிளப்பின் தண்டு, அதாவது ஷாஃப்ட், தரைக்கு இணையான பிறகு பந்து வரை பத்து ஃப்ரேம் அளவுதான். கண் பார்த்து உடம்பு திருத்திக்கொள்ளவே ஏறக்குறைய 0.2 நொடி வேண்டும். ஆகவே நடுவில் திருத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் பாதியில் எப்படி இறங்கினோமோ, பந்து அப்படித்தான் போகும்.

கேமராவை இரண்டு இடங்களில் வைக்கலாம். ஒன்று, நெஞ்சுக்கு நேர் எதிரே. மற்றொன்று, இலக்குக்கு எதிர்ப்பக்கம், கைகள் இருக்கும் உயரத்தில், கைகளுக்கு நேர் பின்னால். இரண்டாவது கேமராவை ஓரடி தள்ளி வைத்தால்கூட நல்ல ஸ்விங் கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியும். வீடியோவில் ஷாஃப்ட் வில்லாக வளைந்து தெரிந்தால் பதற வேண்டாம். போன் சென்சார் படத்தை வரிசை வரிசையாகப் பதிவதால் வரும் மாயம் அது.

இனி, எந்த ஃப்ரேமில் நிறுத்திப் பார்ப்பது என்ற கேள்வி. எல்லா ஃப்ரேமையும் ஆராய்வது நேர விரயம், இரண்டு போதும்.

முதலாவது, இடது கை தரைக்கு இணையாக இறங்கிய ஃப்ரேம். உச்சியில் தோள் சுமார் 90 டிகிரி, இடுப்பு சுமார் 45 டிகிரி வலப்பக்கம் திரும்பியிருந்தன. இந்த ஃப்ரேமில் இடுப்பு ஏறக்குறைய இலக்குக்கோட்டுக்கு இணையாக வந்திருக்க வேண்டும். நெஞ்சு இன்னும் வலப்பக்கமே பார்த்தபடி இருக்க வேண்டும். எடையின் பெரும்பகுதி இடது காலுக்கு மாறியிருக்கும். வலது முழங்கை விலாவுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் அல்ல. கிரிப்பின் (கைப்பிடியின்) அடிமுனை இலக்குக்கோட்டைப் பார்க்க வேண்டும். அது காலைப் பார்த்தால் கிளப் செங்குத்தாக இறங்குகிறது, பந்தைத் தாண்டி வெகுதூரம் பார்த்தால் படுத்துவிட்டது.

இரண்டாவது, ஷாஃப்ட் தரைக்கு இணையான ஃப்ரேம். பின்னாலிருந்து பார்த்தால் கிளப் தலை கைகளை மறைத்தபடி நிற்க வேண்டும். கைக்கு வெளியே, பந்துப் பக்கம் தெரிந்தால் வெட்டு; கைக்கு உள்ளே, உடம்புப் பக்கம் தெரிந்தால் சிக்கல்.

வெட்டு என்பது தோள் முந்திக்கொண்டது. உச்சியிலிருந்தே நெஞ்சைத் திறந்துவிட்டால், இறங்காத கை வெளியே வீசப்படுகிறது. டிவட் (கிளப் புல்லில் வெட்டிய தடம்) இலக்குக்கு இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும். சிக்கல் என்பது நேர் எதிர். கை உடம்புக்குப் பின்னால் விழுந்துவிட்டது, இடுப்போ காத்திருக்காமல் ஓடிவிட்டது. அப்போது பந்து நேராக வலப்பக்கம் போகும் (புஷ்). அதைத் தடுக்க மணிக்கட்டைச் சுருட்டினால் அடுத்த பந்து இடப்பக்கம் கொடூரமாக வளையும் (ஹுக்). ஒரே ஆளிடம் இந்த இரண்டும் மாறி மாறி வருவதை ரேஞ்சில் நிறையவே பார்க்கலாம், ஏனென்றால் முதலாவதைத் திருத்தக் கொடுக்கும் மருந்தே அளவு மீறினால் இரண்டாவதை உண்டாக்கும்.

பயிற்சிகளில் அதிகம் பலன் தந்தது நிறுத்தி இறக்குவது. பந்தைச் சிறிய டீயில் (பந்தைத் தாங்கும் முளை) வைக்கவும். உச்சிக்குப் போய் இரண்டு நொடி அசையாமல் நிற்கவும். இடது குதிகாலில் எடையை அழுத்திக்கொண்டே, முதுகு இலக்கைப் பார்த்தபடி இருக்க, கைகளை நெஞ்சு உயரத்துக்கு இறக்கவும். மறுபடி மேலே கொண்டுபோகவும். மூன்றாவது முறை இறக்கியதும் நிறுத்தாமல் திரும்பி அடிக்கவும். வேகம் வழக்கத்தில் பாதி போதும். இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்று உண்டு. கையை 'கீழே' இறக்கச் சொன்னால் 'பின்னால்' இறக்கிவிடுகிறார்கள், வலது கால்சட்டைப் பையை நோக்கி. இறக்கம் வலது மார்புக்கு முன்னாலேயே நடக்க வேண்டும்.

இடது அக்குளில் துண்டு வைத்து அடிக்கும் பயிற்சி பிரபலம்தான். அரை ஸ்விங்கில் மட்டுமே அதற்கு மதிப்பு. இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை அடிக்கும்போது துண்டு விழக்கூடாது. முழு ஸ்விங்கில் துண்டைக் காப்பாற்றப் பார்த்தால் கை மார்போடு ஒட்டிக்கொண்டு இறங்கவே இறங்காது. உச்சியில் நெஞ்சின் குறுக்கே கிடந்த இடது கை, பந்தை நெருங்க நெருங்க நெஞ்சிலிருந்து விலகியே ஆக வேண்டும்.

எடை மாறாதவர்களுக்குக் காலெடுத்து வைக்கும் பயிற்சி. கால்களைச் சேர்த்து நின்று பேக்ஸ்விங் தொடங்கி, கிளப் உச்சியைத் தொடும் முன்பே இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வைத்து அடிப்பது. கிளப் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே கால் கீழே வேலையைத் தொடங்குவதுதான் இதன் பாடம்.

இடுப்பு திரும்புவதற்குப் பதில் பந்தை நோக்கி முன்னால் வருவது தனி வியாதி. பின்புறம் உரசுமாறு கோல்ஃப் பையை நிறுத்தி, பந்தை அடித்து முடிக்கும் வரை அந்த உரசல் விடாமல் பார்த்துக்கொண்டால் குறையும். இடுப்பு முன்னால் வந்தால் கைக்கு இடம் போய்விடுகிறது. உடம்பு நிமிர்ந்து, பந்தின் மண்டையில் அடிபடும். ரேஞ்ச் பாயில் அடிப்பவர்கள் பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளித் துண்டை விரித்துக்கொள்ளவும். பந்துக்கு முன்பே தரையில் பட்ட கிளப்பைப் பாய் வழுக்கி விட்டுவிடும், புல் விடாது.

முப்பரிமாணக் கருவியில் அளக்கப்பட்ட நல்ல ஸ்விங்குகளில் முதலில் இடுப்பு உச்ச வேகம் தொட்டுக் குறைகிறது. பிறகு நெஞ்சு, பிறகு இடது கை, கடைசியாகக் கிளப். இதைப் படித்துவிட்டு இடுப்பை 'நிறுத்த' முயல்வது வீண். வேகம் குறைந்தாலும் அது திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது; பந்தைத் தொடும்போது சுமார் 40 டிகிரி திறந்திருக்கும். பின் கேமராவில் பின்புறத்தின் இரண்டு பக்கமும் தெரிந்தால் சரி.

7 அயனில் சரியான இணக்கம், மிக நீளமான கிளப்பான டிரைவரில் அப்படியே வருவதில்லை. கிளப்பின் நீளம் 37 அங்குலத்திலிருந்து 45 அங்குலத்துக்குப் போகிறது, அதைச் சுழற்றிக் கொண்டுவர நேரம் கூடுதலாகத் தேவை. உடம்பு அதே அவசரத்தில் திரும்பினால் கிளப் பின்தங்கி, ஃபேஸ் (பந்தைத் தொடும் முகப்பு) திறந்தபடியே வந்து, பந்து வலப்பக்கம் போகும். டிரைவரில் பேக்ஸ்விங்கை இன்னும் கொஞ்சம் நிதானமாக முடித்து, உச்சியில் நெஞ்சை ஒரு கணம் பிடித்துவைத்தபோது பலன் இருந்தது. குறுந்தூரக் கிளப்பான வெட்ஜில் 50 கஜ அடிக்கோ கணக்கு மாறுகிறது. கை அவ்வளவு உயரம் போகாததால் இறக்கமும் குறைவு. அங்கே நெஞ்சு நிற்காமல் திரும்ப வேண்டும், நின்றால் மணிக்கட்டு முந்திக்கொண்டு பந்துக்குப் பின்னால் மண்ணை வெட்டும்.