மாட்டு வழக்கும் வாய்தாவும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன் நான். பிராசிக்யூட்டர் பயிற்சி ஒரு வருடம் முடிந்ததும் துகேலா ஆற்றுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட்டார்கள். அதிகபட்சம் மூன்று வருடச் சிறை விதிக்கக்கூடிய மாவட்டக் கோர்ட். ஜூரி முறை இந்த நாட்டில் 1969-லேயே ஒழிந்துவிட்டது. கேட்பவர் மாஜிஸ்திரேட் ஒருவர்தான், அதனால் வாய்ஜாலத்துக்கு வேலை கம்மி.

அங்கே சீனியர் பிராசிக்யூட்டர், டோங்காட் ஊர்க்கார அக்கா ஒருவர். முதல் வாரமே சொன்னார்: “தம்பி, இங்க கேஸ் தோக்குறது வாதத்துல இல்ல, வாய்தாவுல.” அதன் அர்த்தம் ஒரு மாட்டு வழக்கில்தான் விளங்கியது.

கைதானவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். கெடு வார இறுதியில் முடிந்தால் அடுத்த வேலைநாள் வரை தள்ளலாம். ஆகவே வெள்ளிக்கிழமை ராத்திரி சிக்கியவர்கள் எல்லாரும் திங்கட்கிழமை மொத்தமாக வந்து இறங்குவார்கள். அப்படி வந்தவர்கள்தான் அந்த இரண்டு பேர். சாலைச் சோதனையில் அவர்களுடைய பக்கி (பிக்-அப்) வண்டியின் பின்தட்டில் மாடுகள். அடுத்தவர் மாட்டைப் பொதுச் சாலையில் ஏற்றிப்போக உரிமையாளர் தரும் சான்றிதழ் வேண்டும். அது அவர்களிடம் இல்லை.

போலீஸ் டாக்கெட், அதாவது வழக்குக் கோப்பு, மூன்று பகுதி. ஏ-யில் வாக்குமூலங்கள், பி-யில் கடிதப் போக்குவரத்து, சி-யில் விசாரணை நாட்குறிப்பு. நான் முதலில் புரட்டுவது சி-யைத்தான். விசாரணை அதிகாரி எதைச் செய்யாமல் விட்டார் என்பது அதில் தெரிந்துவிடும். மாட்டின் சூட்டுக்குறியைப் படம் எடுத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். இருந்தது. முடியை ஒட்ட வெட்டிய இடத்தில் மூன்று எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. பதிவேட்டில் அந்தக் குறி யார் பெயரில் இருக்கிறது என்ற அத்தாட்சி மட்டும் இல்லை. அதைக் கேட்டு சி-யிலேயே எழுதி அனுப்பினேன்.

அத்தாட்சி வந்தபாடில்லை. ஒரு வாய்தா. அடுத்த தடவை சட்ட உதவி வக்கீல் வேறு கோர்ட்டில். இன்னொரு வாய்தா. மாட்டுக்காரப் பெரியவர் மலைமேலிருந்து விடிவதற்கு முன்பே நடந்து இறங்கி, டாக்சி பிடித்து வருகிறவர். ஒவ்வொரு முறையும் மாஜிஸ்திரேட் அடுத்த தேதியைச் சொல்லி, வராவிட்டால் வாரண்ட் என்று எச்சரித்து அனுப்புவார். தப்பே செய்யாத மனிதனுக்கு இந்த எச்சரிக்கை எப்படி இருக்கும்? இப்படித்தான் சாட்சிகள் வெறுத்துப்போய் நின்றுவிடுகிறார்கள். தாமதம் நியாயமற்றது என்று கோர்ட் கருதினால் வழக்கைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். நீக்கியதைத் திரும்ப ஏற்றலாம்தான், ஆனால் சாட்சி திரும்ப வர வேண்டுமே.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வாய்தா ஆனதும் ஓடிவிடாமல், மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வராந்தாவில் பெரியவரோடு உட்கார்வேன். ஏன் தள்ளிப்போனது என்று சொல்வேன், பயணப்படிக்கான படிவத்தை என் முன்னாலேயே நிரப்ப வைப்பேன். என்ன சாட்சி சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லித்தர மாட்டேன், அது கூடாது.

வழக்கைக் காப்பாற்றியதும் அந்த வராந்தாதான். பிணை மனுவிலேயே முதல் எதிரி, அதாவது பிடிபட்ட இருவரில் முதலாமவன், சொல்லியிருந்தான், மாடுகள் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு லோபோலாவாகப் போனவை என்று. லோபோலா என்று பெண் வீட்டுக்கு மாடு கொடுப்பது இங்கே பெரிய விஷயம், பொய் என்று சும்மா தள்ள முடியாது. பேச்சுவாக்கில் பெரியவரிடம் அந்த வழக்கத்தைப் பற்றிக் கேட்டேன். பெண் வீட்டில் பேச்சை நடத்த ‘உம்கோங்கி’ என்ற தூதர் போவார், அவர் இல்லாமல் ஒரு கன்றுகூடக் கை மாறாது என்றார்.

விசாரணை ஒருவழியாகத் தொடங்கியது. குறுக்கு விசாரணையில் முதல் எதிரியிடம் கேட்டேன்: உம்கோங்கியாகப் போனது யார்? அண்ணனைக் கேட்க வேண்டும் என்றான். எந்தக் குடும்பத்துக்குப் போன மாடு? அதுவும் அண்ணனுக்குத்தான் தெரியுமாம். அண்ணனைச் சாட்சியாகக் கூப்பிடுவீர்களா என்றதற்கு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். மாஜிஸ்திரேட் ஏற்கனவே எழுதிக்கொண்டிருந்தார்.

திருட்டுக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. கிராலிலிருந்து, அதாவது மாட்டுப்பட்டியிலிருந்து, மாட்டை ஓட்டியதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டின் கால்நடைத் திருட்டுச் சட்டம் இரண்டாம் பிரிவை மாற்றுக் குற்றச்சாட்டாகச் சேர்த்திருந்தேன். திருட்டு மாடு என்று நியாயமான சந்தேகம் இருந்து, வைத்திருப்பவர் திருப்தியான விளக்கம் தராவிட்டால் அதுவே குற்றம். முதல் எதிரிக்கு அதில் தண்டனை. இரண்டாமவன் கூலிக்கு வண்டி ஓட்டியவன், தனக்கு எதுவும் தெரியாது என்றான். விடுதலை.

அக்காவிடம் சொன்னேன், இரண்டாமவன் விஷயத்தில் மேல்முறையீடு போகலாமா என்று. “சட்டக் கேள்வி இருக்கா?” என்றார். கீழ்க்கோர்ட் விடுதலைக்கு எதிராக அரசுத் தரப்பு சட்டக் கேள்வியில் மட்டும்தான் போக முடியும். இங்கே இருந்ததோ அவனை நம்புவதா வேண்டாமா என்பது. “அப்ப விடு, அடுத்த டாக்கெட்ட எடு” என்றார்.