அப்போஸ்தலர் 15-ஐ நடத்தினால் 21-ஐயும் நடத்துங்கள்

வேதபாட வகுப்பில் எருசலேம் ஆலோசனைச் சங்கத்தை (அப்போஸ்தலர் 15-இல் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடிய கூட்டம்) நடத்தும்போது எழும் முதல் கேள்வி: "அப்போ நியாயப்பிரமாணம் முடிஞ்சுபோச்சா?" பாடத்தை 15-ஆம் அதிகாரத்தோடு நிறுத்தினால், மாணவர்கள் ஆமென்றே குறிப்பெழுதிக்கொண்டு போவார்கள். புறஜாதியாரிலிருந்து (யூதரல்லாதவரிலிருந்து) வந்தவர்கள் விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) பண்ணிக்கொள்ள வேண்டுமா என்பதே அன்றைய வழக்கு. யூத விசுவாசி தன் மகனுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யலாமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே லேவியராகமம் 17, 18-இலிருந்து தொடங்குவது நல்லது. வேற்றுத் தெய்வங்களுக்கு இடும் பலி, இரத்தம், வேட்டையாடிப் பிடித்ததன் இரத்தத்தை ஊற்றிவிடுதல், தகாத உடலுறவு: இவை இஸ்ரவேலருக்கு மட்டுமல்லாமல் அவர்கள் நடுவே தங்கும் அந்நியருக்கும் விதிக்கப்பட்டவை. பிறகு 15:29-ஐத் திறந்தால், சங்கம் புறஜாதி விசுவாசிகளுக்கு எழுதிய கடிதத்தின் நான்கு விலக்குகளும் ஏறக்குறைய அதே வரிசையில் நிற்கும். (15:20-இல் யாக்கோபு சொல்லும் வரிசை வேறு; இதைக் கவனிக்காமல் பலகையில் எழுதினால் குழப்பம்தான்.) புறஜாதியார் புறஜாதியாராகவே சபைக்குள் வரலாம் என்று தீர்த்தவர்கள், அதற்கான அளவுகோலைத் தோராவிலிருந்தே (மோசேயின் நியாயப்பிரமாணத்திலிருந்தே) எடுத்தார்கள் என்பது அப்போது மாணவருக்குத் தானாகவே புரியும்.

அடுத்த சிக்கல் பவுலின் உடன் ஊழியர்களான தீத்துவும் தீமோத்தேயுவும். தீத்துவுக்கு விருத்தசேதனம் இல்லை, தீமோத்தேயுவுக்குப் பவுலே செய்வித்தார். பவுல் முரண்படுகிறார் என்பார்கள். தீத்து கிரேக்கர். தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண். அழைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கட்டும் என்று சொல்லும் 1 கொரிந்தியர் 7:18-ஐப் பக்கத்தில் வைத்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

21-ஆம் அதிகாரத்துக்குத்தான் நேரம் அதிகம் வேண்டும். யூதர்கள் மோசேயை விட்டு விலகும்படி பவுல் போதிக்கிறார் என்ற பேச்சு எருசலேமில் பரவியிருக்கிறது. அதைப் பொய்யென்று காட்ட, பொருத்தனை பண்ணிய நான்கு பேருடைய செலவை ஏற்கும்படி சபை மூப்பர்கள் சொல்கிறார்கள், அவரும் ஏற்கிறார். இது நசரேய விரதம் (குறித்த காலம் தன்னைக் கர்த்தருக்கென்று பிரித்துக்கொள்ளும் பொருத்தனை) என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எண்ணாகமம் 6-இன்படி விரதத்தை முடிக்க ஒருவருக்கு ஆண் ஆட்டுக்குட்டி ஒன்று, பெண் ஆட்டுக்குட்டி ஒன்று, ஆட்டுக்கடா ஒன்று, ஒரு கூடை புளிப்பில்லா அப்பம், போஜனபலி, பானபலி. நான்கு பேருக்குப் பன்னிரண்டு உயிர்கள்! இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்ல வேண்டும். ஆலயத்தையும் பலிபீடத்தையும் விட்டு நீங்கியவர் செய்கிற செலவா இது?

கலாத்தியர் 2-ஐ இதற்குப் பிறகே எடுக்கலாம்: யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் புறஜாதியாரோடு சாப்பிடுவதைப் பேதுரு நிறுத்தியதும், பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததும் அங்கே வருகின்றன. முதலில் எடுத்தால் பேதுரு கோழையாகவும் யாக்கோபு வில்லனாகவும் பதிந்துவிடுவார்கள். அந்தியோகியாவில் உடைந்தது பந்தி. இரு சாராரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிடுவதைப் பற்றிச் சங்கத்தின் கடிதம் நேரடியாக ஒன்றும் சொல்வதில்லை. இந்தச் சண்டை சங்கத்துக்கு முன்பா பின்பா என்பதிலும் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆண்டைப் போட்டு மனப்பாடம் செய்விக்க வேண்டாம்.

நியாயப்பிரமாணத்தை நம் முன்னோரும் நாமும் சுமக்க முடியாத நுகம் என்று பேதுரு பேசும் 15:10-ஐ ஒரு மாணவராவது எடுத்துக்காட்டுவார். மழுப்பக் கூடாது. அது கடினமான வசனம். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு, யூதர் எல்லாரும் நியாயப்பிரமாணத்தை வெறும் சுமையாகச் சுமந்தார்கள் என்று பிரசங்கிப்பவர், நியாயப்பிரமாணத்தில் மகிழும் 119-ஆம் சங்கீதத்தை ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும்.

சபையும் ஜெப ஆலயமும் எந்த ஆண்டில் பிரிந்தன என்று தேர்வில் கேட்பதையும் விட்டுவிடலாம். எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் இடிந்தது உண்மைதான். ஆனால் 386-லும் அதே அந்தியோகியாவில், யூதப் பண்டிகைகளுக்குப் போகும் கிறிஸ்தவர்களைக் கண்டித்து சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.