இந்திய உரிமத்திலிருந்து பிரிட்டன் உரிமத்துக்கு: என் பதினான்கு மாதங்கள்

2023 ஜனவரி 10ஆம் தேதி செவிலியர் பணிக்காக இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் நான் வந்து இறங்கியபோது, என் கைப்பையில் திண்டுக்கல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெற்ற ஓட்டுநர் உரிமமும், புறப்படுவதற்கு முன் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருந்தன. ஊரில் ஒன்பது ஆண்டுகள் கார் ஓட்டியவள் நான். இரு நாடுகளிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கமே செல்கின்றன என்பதால் இங்கே ஓட்டுவது பெரிய காரியமாக இருக்காது என்று நம்பினேன். அந்த அனுமதிப் புத்தகத்தை இங்கே எவரும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. உரிம அட்டை ஆங்கிலத்தில் இருந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது.

இரவுப் பணி முடிந்து காலை எட்டு மணிக்குப் பேருந்துக்காக உறைபனியில் நிற்பது இரண்டு மாதங்களிலேயே என்னைச் சோர்வடையச் செய்துவிட்டது. மார்ச் மாதம் பழைய கார் ஒன்றை வாங்கினேன். இந்திய உரிமத்தில் காப்பீடு எடுத்தபோது பிரீமியம் மிக அதிகமாக இருந்தது. ஊரில் ஒன்பது ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டியதை அந்த நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் அந்தத் தொலைபேசி உரையாடலிலேயே நேர்ந்தது. இந்திய உரிமத்தில் எத்தனை நாள் ஓட்டலாம் என்று நான் கேட்டதற்கு, மறுமுனையில் பேசியவர் "பாலிசி தொடங்கும் நாளிலிருந்து ஒரு வருடம்" என்று உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது தவறு என்பதை அறியாமல், எனக்கு 2024 மார்ச் வரை அவகாசம் இருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் அப்படி இல்லை. சுற்றுலாவாக வருபவர்களும் குடியிருக்க வருபவர்களும் வெளிநாட்டு உரிமத்தில் பன்னிரண்டு மாதங்கள் வரை சாதாரணக் கார் ஓட்டலாம். ஆனால் குடியிருக்க வருபவர்களுக்கு அந்தக் கணக்கு, இங்கே குடியேறிய நாளிலிருந்தே தொடங்கிவிடுகிறது. கார் வாங்கிய நாளுக்கும் காப்பீடு எடுத்த நாளுக்கும் அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஜப்பான் முதலிய சில நாடுகளின் உரிமங்களைத் தேர்வு எழுதாமலேயே பிரிட்டன் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. நாம் புரொவிஷனல் உரிமம் (கற்றுக்கொள்பவருக்கான தற்காலிக உரிமம்) பெற்று, தியரி தேர்விலும் ஓட்டுநர் தேர்விலும் தேறியே ஆக வேண்டும். அதற்குள் பன்னிரண்டு மாதங்கள் முடிந்துவிட்டால், ஊரில் எத்தனை ஆண்டுகள் ஓட்டியவராக இருந்தாலும், அன்றிலிருந்து கற்றுக்கொள்பவராகவே கருதப்படுவார். அதன் பிறகும் தனியாக ஓட்டினால் காப்பீடு செல்லாமல் போகும் நிலை வரும். காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதமும் உரிமத்தில் ஆறு தண்டனைப் புள்ளிகளும் விழும்.

இதை எனக்குத் தெளிவுபடுத்தியவர் எங்கள் வார்டில் பணிபுரியும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். மே மாதம் ஒரு நாள் தேநீர் இடைவேளையில் நான் என் கணக்கைச் சொன்னதும் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "பன்னிரண்டு மாசம் எண்டு நினையாதையும் தங்கச்சி, டெஸ்ட்டுக்குத் தேதி கிடைக்கவே மாசக்கணக்காகும். இண்டைக்கே புரொவிஷனலுக்குப் போடும்" என்றார். அன்று இரவே விண்ணப்பித்தேன். அரசு இணையதளத்தில் கட்டணம் 34 பவுண்டு. தபால் வழியென்றால் 43. தேடும்போது முதலில் கண்ணில் பட்டது அரசுத் தளம் போலவே தோற்றமளித்த ஒரு தனியார் பக்கம். கூடுதலாகப் பணம் கேட்டதைக் கண்ட பிறகே அதிலிருந்து வெளியே வந்தேன். கடந்த மூன்று ஆண்டுகளில் வசித்த முகவரிகளைக் கேட்பார்கள். திண்டுக்கல் முகவரியையும் அதில் எழுதினேன். புரொவிஷனல் கைக்கு வந்துவிட்டால் உடனே எல் போர்டு மாட்ட வேண்டுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தேவையில்லை. பன்னிரண்டு மாதங்கள் முடியும்வரை இந்திய உரிமத்தின் பலத்தில் முன்போலவே தனியாக ஓட்டலாம்.

தியரி தேர்வுக்கு 23 பவுண்டு. ஐம்பது கேள்விகளில் 43க்குச் சரியாக விடையளிக்க வேண்டும். அதன் பின் பதினான்கு காணொளிகள் ஓடும். ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் மவுஸைச் சொடுக்க வேண்டும், 75க்கு 44 எடுக்க வேண்டும். பதற்றத்தில் விடாமல் சொடுக்கிக்கொண்டே இருந்தால் அந்தக் காணொளிக்குச் சுழியமே கிடைக்கும். அக்கா தேர்வு எழுதிய காலத்தில் கேள்விகளைத் தமிழில் ஒலிவடிவில் கேட்கும் வசதி இருந்ததாம். 2014 ஏப்ரலில் எல்லா அயல்மொழி ஒலிப்பதிவுகளையும் நிறுத்திவிட்டார்கள். மொழி தடுமாறும் பெற்றோரையும் உறவினரையும் நினைக்கும்போது அந்த வசதி போனது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது. ஜூலையில் நான் தேறினேன். தேறிய பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் பதிவு செய்ய முடியும். கிடைத்த மிக அருகிலுள்ள தேதியே நவம்பர் மாதத்தில் இருந்தது.

அந்த இடைவெளியில் ஒரு பயிற்றுநரிடம் எட்டு வகுப்புகள் சென்றேன். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால் ஆட்டோமேட்டிக் ஓட்ட மட்டுமே உரிமம் கிடைக்கும் என்பதால், ஊரில் பழகிய கியர் வண்டியையே தேர்ந்தெடுத்தேன். கிளட்சும் கியரும் கைவந்தவையாகவே இருந்தன. கண்ணாடி பார்க்கும் முறை, வேகப் பலகைகள், யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பது ஆகிய மூன்றையும்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடு போட்ட பலகையைக் கண்டு, வேகக் கட்டுப்பாடு முடிந்துவிட்டது என்றே அதுவரை நான் எண்ணியிருந்தேன். ஒற்றைச் சாலையில் கார்களுக்கு 60 மைல், நடுவே பிரிப்பு உள்ள சாலையில் 70 மைல் என்ற உச்சவரம்பை அது குறிக்கிறது.

ஸ்விண்டனில் வசிப்பவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1972இல் அமைக்கப்பட்ட மேஜிக் ரவுண்டானாவில் ஐந்து சிறு ரவுண்டானாக்கள் ஒரு வட்டமாக அமைந்திருக்கின்றன. வெளிப்புறத்தில் வண்டிகள் கடிகாரச் சுற்றிலும், உட்புறத்தில் எதிர்ச்சுற்றிலும் செல்கின்றன. என் பயிற்றுநர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, சாலை வெறிச்சோடியிருந்த வேளையில், என்னை அங்கே அழைத்துச் சென்றார். "ஐந்தையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். அடுத்த சிறு வட்டத்தை மட்டும் பாருங்கள், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுங்கள், பிறகு அதற்கடுத்த வட்டம்" என்றார். நான்கு முறை சுற்றி வந்த பின் அந்த அமைப்பின் ஒழுங்கு எனக்குப் பிடிபட்டது. இன்றும் நெரிசல் நேரத்தில் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே அதைக் கடக்கிறேன்.

நவம்பரில் முதல் தேர்வு. வார நாள் கட்டணம் 62 பவுண்டு. இருபது மீட்டர் தொலைவில் நின்ற காரின் எண் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். பிரேக் விளக்குகள் எரிகின்றனவா என்பதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்டார்கள். இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். முதல் இருபது நிமிடங்கள் நன்றாகவே போயின. பிறகு கடைத்தெரு ஒன்றில் ஜீப்ரா கிராசிங் வந்தது. இருபுறமும் கறுப்பு வெள்ளைக் கம்பங்களின் உச்சியில் மஞ்சள் உருண்டை விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தன. குழந்தை வண்டியோடு நின்ற ஒரு பெண், அதன் முன் சக்கரங்களைச் சாலையில் இறக்கினார். ஊரில் செய்வதைப் போலவே என் கை தானாக ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் திருப்பியது. அவரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று உடம்பு தீர்மானித்துவிட்டது. தேர்வாளரின் கால் அவர் பக்கத்து பிரேக்கை மிதித்தது. கார் நின்றது. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனார்.

சிறு தவறுகள் பதினைந்து வரை மன்னிக்கப்படும். என் கணக்கில் நான்குதான் இருந்தன. ஆனால் கடுமையான தவறு ஒன்றே ஒன்று இருந்தாலும் தேர்வு தோல்வி. அந்த முடிவு முற்றிலும் சரியானது. அன்று மாலை முழுவதும் அந்தச் சின்னச் சக்கரங்கள்தான் என் கண் முன் நின்றன. மறுநாளிலிருந்து ஜீப்ரா கிராசிங் தென்பட்டதும் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுப்பதை, யாரும் நிற்கிறார்களோ இல்லையோ, வழக்கமாக்கிக்கொண்டேன்.

மறு தேர்வுக்குப் பத்து வேலை நாட்கள் கழித்துத்தான் தேதி எடுக்க முடியும். எனக்குக் கிடைத்ததோ 2024 மார்ச் இரண்டாம் வாரம். ஜனவரி 10ஆம் தேதியோடு பன்னிரண்டு மாதங்கள் முடிந்தன. முந்தைய நாள் வரை மோட்டார்வேயில் தனியாகச் சென்றுகொண்டிருந்த நான், முன்னும் பின்னும் சிவப்பு எல் எழுத்தை ஒட்டிக்கொண்டு, 21 வயதைக் கடந்த, மூன்றாண்டுகள் முழு உரிமம் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டே ஓட்ட வேண்டியதாயிற்று. உரிம நிலை மாறியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்தேன். எங்கள் இருவரின் பணிநேரமும் ஒத்துவந்த நாட்களில் அக்கா என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். மற்ற நாட்களில் மீண்டும் பேருந்து நிறுத்தம்தான். மே மாதத்துக்குப் பதிலாக ஜனவரியிலேயே விண்ணப்பித்திருந்தால் அந்த இரண்டு மாதத் தவிப்பு நேர்ந்திருக்காது.

மார்ச் தேர்வில் இரண்டு சிறு தவறுகளோடு தேறினேன். தேர்வாளர் என் புரொவிஷனல் அட்டையை வாங்கிக்கொண்டார். முழு உரிமம் தபாலில் வந்து சேர்ந்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோய், இரண்டு தேர்வுகளையும் மறுபடி எழுத வேண்டிவரும் என்பதால் கவனமாகவே ஓட்டுகிறேன். இந்திய உரிமத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. இது உரிம மாற்றம் அல்ல, புதிதாகத் தேறிப் பெற்றது என்பதால் அது என்னிடமே இருக்கிறது. விடுமுறைக்குத் திண்டுக்கல் செல்லும்போது அதைக் கொண்டே ஓட்டுகிறேன்.